புண்ணாக்கைக் குறைத்த பிறகு

பெங்களூர்,
20-8-1974.

அன்புள்ள அப்பாவுக்கு பாஞ்சாலி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் நம் எருமையின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இங்கே துணி எடுக்க வந்த நம்மூர் மஸ்தான் பாய், நீங்கள் கொடுத்தனுப்பிய வெல்லத்தையும் நான் கேட்டிருந்த கடலைப் புண்ணாக்கையும் சேர்த்துவிட்டார். இரண்டும் என் ஈஸ்டுக்குத்தான். ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற நுண்ணுயிருக்கு இது உறவு. இது உடம்புக்குள்ளே எண்ணெய் சேர்க்கும் ரகம். இந்த மாதத்துக்குள் அந்த எண்ணெயைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சிக்கூடத்தில் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

நான் உங்கள் மகள் அல்லவா? எருமை இளைத்தால் நீங்கள் புண்ணாக்கைக் கூட்டுவது போலவே நானும் கூட்டினேன். ஈஸ்ட் பெருகிக் குடுவையே மோராகிவிட்டது, எண்ணெய் மட்டும் இல்லை. அப்போதுதான் போன வருஷக் கடலைக்காடு ஞாபகம் வந்தது. நீங்கள் யூரியாவை அள்ளிப் போட, செடி முழங்கால் உயரம் வளர்ந்தது. பிடுங்கினால் காய் இல்லை. "மாட்டுக்குத்தாங்க ஆச்சு" என்று பெரியண்ணன் சித்தப்பா சிரித்தாரே! யூரியாவில் இருக்கிற அதே தழைச்சத்துதான் புண்ணாக்கிலும்.

உடனே புண்ணாக்கைக் கால் பங்காக்கி, வெல்லத்தைத் தாராளமாக விட்டேன். தழைச்சத்து தீர்ந்ததும் பெருகுவது நின்றது. தின்ற வெல்லத்தை என்ன செய்யும்? கொழுப்பாக்கி உள்ளே வைத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொன்றின் வயிற்றிலும் பளபளவென்று எண்ணெய்ச் சொட்டு! பேராசிரியர் இரண்டு முறை பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வருஷம் இடம் எனக்குத்தான் என்றார். வரும் என்று எனக்குத் தெரியும் அப்பா. கம்பைநல்லூர் வெல்லம் அல்லவா?

பெண் பார்க்க வந்தவர்களை வேண்டாமென்று சொல்லிவிட்டு நான் கிளம்பிய அன்று, அரூர் பஸ் நிலையத்தில், "போறதுன்னா போ, எங்கிட்டப் பேசாத" என்றீர்கள். ஏழு மாதமாகிறது. மாதம் தவறாமல் வெல்லம் வருகிறது, கடலை வருகிறது, அம்மா கடிதமும் வருகிறது. உங்கள் கையெழுத்து மட்டும் வரவில்லை.

ஒரு சத்தைக் குறைத்தால் ஈஸ்ட் கொழுக்கும். நான் ஈஸ்ட் இல்லை அப்பா. அடுத்த முறை வெல்லம் சுற்றுகிற காகிதத்திலாவது ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் மகள்,
பாஞ்சாலி