இரண்டாம் முறை கை வைப்பதற்கு முன்

என் சிரிப்புக்கார அப்பாவுக்கு,

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. எனக்கு அழுகையே வரவில்லை. ஆபீஸ் போகிறேன், வருகிறேன். பேம்பூஃபிளாட் படகில் ஏறினால் சாத்தம் படகுத்துறை வந்துசேர்ந்ததுகூடத் தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் "மேடம், ஜெட்டி ஆ கயா" என்று சொன்ன பிறகுதான் எழுந்திருக்கிறேன்.

துக்கம் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். பல் பிடுங்க ஊசி போட்டதுபோல மனசு மரத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்து உங்கள் கண்கட்டைப் பிரித்த நாள் நினைவிருக்கிறதா அப்பா? "என்ன தெரியுது?" என்று டாக்டர் கேட்டார். அவர் மனம் நோகக்கூடாதென்று எல்லாம் தெரிகிறது என்பீர்களோ என்று பயந்தேன்.

"ஆளுங்கல்லாம் மரம் மாதிரி நிக்காங்க சார். முப்பது வருசம் மரமில்லுல கிடந்தவனுக்கு வேற எப்படித் தெரியும்?" என்றீர்கள். டாக்டரும் சிரித்துவிட்டார். இன்னொரு ஆபரேஷன் தேவை, இந்தத் தீவில் அதற்கு வசதி இல்லை, கடல் தாண்டி மெயின்லேண்ட் போகவேண்டும் என்றார்.

திரும்பும் வழியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "பெத்சாயிதா குருடனுக்கும் இப்படித்தாம்ளா ஆச்சு. ஆண்டவர் கை வச்சதும் மனுசன் மரமாத் தெரிஞ்சான். ரெண்டாந்தரம் வச்சப்பதான் தெளிஞ்சுது. எனக்கு ஒண்ணு முடிஞ்சிருக்கு, பாத்துக்கோ."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் உங்களுக்கு இருந்த சந்தோஷம் எனக்குப் புரியவே இல்லை. வாசலில் நின்ற தென்னைக்கு ஒருநாள் குட்மார்னிங் சொல்லிவிட்டு நீங்களே விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

கப்பல் டிக்கெட் கைக்கு வந்தது. பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் மதியம் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை.

"இப்போது அவர் தெளிவாகப் பார்க்கிறார்" என்று கல்லறையில் பாஸ்டர் சொன்னபோது எல்லோரும் தலையசைத்தார்கள். நான் அசைக்கவில்லை. நீங்கள் பார்க்க ஆசைப்பட்டது என் முகத்தை அல்லவா? ஆண்டவர் ஏன் பாதியில் விட்டார்? கோவிலுக்குப் போனேன், பாட்டுக்கு எழுந்து நின்றேன், வாய் மட்டும் திறக்கவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு பெங்காலி தீதிக்குக் கண் ஆபரேஷன். அவருடைய பிள்ளைகள் மெயின்லேண்டில் இருக்கிறார்கள். "பேட்டி, அகேலே டர் லக்தா ஹை" என்றார். மகளே, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று. லீவு போட்டுக் கூடப் போனேன்.

காத்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் அப்பா பயப்படவில்லையா என்று கேட்டார். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், உங்கள் பெத்சாயிதா கதையை எனக்குத் தெரிந்த ஹிந்தியில் ஆரம்பித்தேன். இயேசு அந்த மனிதனைக் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போனது, எதையாவது பார்க்கிறாயா என்று கேட்டது, அவன் மழுப்பாமல் உண்மையைச் சொன்னது.

தீதி கேட்டார்: "ஃபிர்? சோட்கே சலே கயே?" அப்புறம், விட்டுவிட்டுப் போய்விட்டாரா?

"நஹி தீதி. வஹீன் கடே தே." இல்லை, அங்கேயேதான் நின்றார்.

அப்பா, அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அவனுக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்த அந்த நேரத்திலும் ஆண்டவர் அவன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். அதனால்தானே நீங்கள் அப்படிச் சிரித்தீர்கள்? பார்வை முழுதாக வரும் என்பதற்காக மட்டுமில்லை, இல்லையா?

அத்தனை பேர் நடுவில் விம்மி அழுதேன். தீதி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டாள். எழுந்தவர், "ரோ மத். ஆபரேஷன் தோ மேரா ஹை!" என்றார். ஆபரேஷன் எனக்கு, நீ ஏன் அழுகிறாய் என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அழுதுகொண்டே சிரித்தேன்.

மறுநாள் காலை பழையபடி மரத்துத்தான் இருந்தது. ஆனால் பயமில்லை. அடியில் எங்கோ ஒரு சந்தோஷம் இருக்கிறது. சின்னதுதான், ஆனால் போகவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நன்றாக இருக்கிறேன் என்று ஆபீஸில் கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். ஆண்டவரிடம் அப்படிச் சொல்லமாட்டேன். தினமும் காலையில் அவர் முன் உட்கார்ந்து, எனக்கு இன்னும் தெளியவில்லை என்று உள்ளதை உள்ளபடியே சொல்வேன்.

உங்கள் மூத்தவள்,
ஜெசி