அவர் சக்கரங்களின் காற்று

ஜூன் 2, திங்கள்

காரில் அந்த மஞ்சள் விளக்கு ஒரு வாரமாக எரிகிறது. டயரில் காற்று எவ்வளவு என்று காட்ட வேண்டிய திரையில் எண்களுக்குப் பதில் நான்கு கோடுகள்.

காரணம் தெரிந்ததுதான். போன ஞாயிறு இவர் பங்க்சர்க் கடைக்காரரை வரவழைத்து, என் காரின் நான்கு சக்கரங்களையும் தன் காருக்கு மாட்டிக்கொண்டு, தன்னுடையதை எனக்குப் போட்டார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. "நான் தினம் நொய்டா போறேன். சிமெண்ட் ரோடு, இந்த வெயில்ல பழைய டயர் வெடிக்கும். நீ லோதி ரோடு வரைக்கும்தானே போறே?" என்றார். நியாயம்தான். இந்த வீட்டில் எல்லாம் நியாயமாகத்தான் நடக்கிறது. காஸ், தயிர், வேலைக்காரி வந்தாளா — இதைத் தவிர நாங்கள் பேசிக்கொண்டு எத்தனை நாளாகிறது?

ஜூன் 7, சனி

கரோல் பாக் போனேன். டயர்க் கடையில் ஜெகன் என்று ஒருவர். நான் போனில் பேசியதைக் கேட்டு, "மேடம் தமிழா?" என்றார். ஒரு சின்னக் கருவியை ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் பிடித்துப் பார்த்தார்.

"சக்கரத்துக்குள்ள இருக்கற சென்சார் நாலும் டீக் ஹை, நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா உங்க வண்டியோடது இல்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு. உங்க வண்டி இன்னும் பழைய நம்பரையே தேடிட்டிருக்கு. சார் வண்டியிலயும் இதே லைட்டு எரியும் பாருங்க. ரெண்டையும் கொண்டாங்க, ஆதா கண்ட்டா, அரை மணியில முடிச்சிடலாம்."

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "இந்த மாசம் சனிக்கிழமையும் ஆபீஸ். பாக்கலாம்" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

லக்ஷ்மிபாய் நகர் சிக்னலில் விளக்கு தானாக அணைந்தது. 33, 33, 34, 33. ஐ.என்.ஏ. மார்க்கெட் தாண்டியதும் மறுபடி கோடுகள்.

ஜூன் 12, வியாழன்

இன்றும். அதே சிக்னல், அதே எண்கள். வெளியே நாற்பத்து நான்கு டிகிரி.

ஜூன் 13, வெள்ளி

ஜெகனுக்குப் போன் பண்ணினேன்.

"அப்படி வராதே மேடம். உங்க பழைய சக்கரம், இப்ப சார் வண்டியில இருக்கறது, பக்கத்துல இருந்தாத்தான் வரும். இருபது முப்பது அடிக்குள்ள. சார் கூட வந்தாரா?"

"இல்லை, அவர் நொய்டாவில் இருப்பார்" என்றேன்.

வீட்டில் என் கார் குவார்ட்டர்ஸின் தரைக்கீழ் பார்க்கிங்கில், அவர் கார் கேட்டுக்கு வெளியே தெருவில், முப்பது அடிக்கு மேல் தள்ளி. காலை எட்டுக்கு அவர் கிளம்புகிறார். நான் ஒன்பதுக்கு. அதற்குள் அவர் நொய்டா போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போனை வைத்த பிறகும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஆபீஸுக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பினேன். எண்கள் வந்ததும் சிக்னலுக்குப் பக்கத்துச் சந்தில் திரும்பினேன். வரிசையாக வெள்ளைக் கார்கள். மூன்றாவது அவருடையது. நாவல் மரத்தடி, கூரையெல்லாம் பழக்கறை.

ஜன்னல் பாதி இறக்கியிருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. காலையில் நான் கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைப் பத்து மணிக்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாயாக, அவசரமே இல்லாமல்.

நான் நிறுத்தவில்லை. ஆபீஸுக்குப் போய் இரண்டு கோப்புகளில் குறிப்பு எழுதினேன். அழுகை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

ஜூன் 18, புதன்

டப்பாவில் மோர்மிளகாய் கூட வைத்தேன். தண்ணீர் இன்னொரு பாட்டில். சாயந்திரம் "ஆபீஸ் எப்படி?" என்று கேட்டேன். "அப்படியேதான்" என்றார்.

ஜூன் 23, திங்கள்

ஏன் கேட்க மாட்டேன் என்கிறேன்?

கல்யாணத்துக்குப் போனால்கூட 'எங்க கம்பெனி, எங்க கம்பெனி' என்று பேசுகிற மனிதர். சுந்தரேஷ் என்றால் அந்த வேலை, அவ்வளவுதான். வேலை போய்விட்டது, அது தெரிகிறது. அவர் வாயால் சொல்வாரா, அது தெரியவில்லை. நானே கேட்டுவிட்டால் அவர் இன்னொரு பொய் சொல்வார். அதற்கும் நான் சரி என்று தலையாட்டிவிடுவேன் — பிறகு எங்களுக்குள் என்ன மிச்சம் இருக்கும்? யோசித்துப் பார்த்தால் பயமாக இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது.

ஆனால் இன்று பாத்திரம் தேய்க்கும்போது திடீரென்று — இந்த வெயில்ல ஏன் அங்க போய் உக்காந்திருக்கேள்? வீடு இல்லையா? ஒன்பது மணிக்கு நான்தான் போயிடறேனே, திரும்பி வந்து ஃபேனைப் போட்டுண்டு படுக்கப்படாதா? கேட்ல நிக்கற காவல்காரன் என்ன நினைச்சுப்பான், எதிர்வீட்டு மாமி என்ன கேப்பா — அதானே? என்னைவிட அவா பெரிசாப் போயிட்டாளா?

எல்லாம் பாத்திரத்திடம் கேட்டதுதான்.

ஜூன் 26, வியாழன்

ரசம் விட்டுக்கொண்டே சொன்னார்: "உன் வண்டில பின்பக்கம் இடது டயர் இருபத்தாறுதான் இருக்கு. காத்து அடிச்சுக்கோ."

"சரி" என்றேன். அப்பளத்தைப் போட்டேன்.

இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். என் திரையில் என் சக்கரங்கள் தெரியாது, கோடுகள்தான். இப்போது என் வண்டியில் இருப்பவை அவருடைய பழைய சக்கரங்கள். அவற்றின் காற்று அவர் காரின் திரையில்தான் தெரியும், அதுவும் நான் பக்கத்தில் இருந்தால்.

அப்படியென்றால் தினமும் அந்தச் சிக்னலில் நான் நிற்பது அவருக்கும் தெரிகிறது. தெரிந்தும் இடத்தை மாற்றவில்லை. வாய் தவறிச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா?

ஜூன் 27, வெள்ளி

பெட்ரோல் பங்கில் பார்த்தார்கள். இருபத்தாறேதான்.

ஜூன் 28, சனி

காலையில் அவரே, "கரோல் பாக் போயிட்டு வந்துடலாமா?" என்றார். சனிக்கிழமை ஆபீஸைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு காரையும் எடுத்துக்கொண்டு போனோம்.

ஜெகன் இரண்டையும் சுற்றி வந்து பார்த்தார். "சார், சக்கரத்தை இப்படியே விட்டுட்டு புது நம்பர் ஏத்தவா? இல்ல, பழையபடி மாத்திடவா? யார் வண்டி ஜாஸ்தி ஓடுதோ அதுக்கு நல்ல டயர் இருக்கணும். உங்களுது தினம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?"

நான் டயர் அடுக்கியிருந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பது என்று சொல்லப்போகிறார், நானும் கேட்டுக்கொண்டு நிற்கப்போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

"நாலு."

"நாப்பதா சார்?"

"நாலுப்பா. லக்ஷ்மிபாய் நகர் வரைக்கும் போவேன், வருவேன். வேலை போயிடுத்து. இந்த மாசம் ரெண்டாம் தேதி."

"அச்சா சார்" என்று சொல்லி ஜெகன் ஜாக்கியை எடுக்கப் போய்விட்டார்.

"தெரியும்" என்றேன்.

"உனக்குத் தெரியும்னு தெரியும். ஆத்துல வச்சுச் சொல்லத்தான் வாய் வரலை."

அப்போதுதான் அழுதேன். கரோல் பாக்கில், நட்ட நடுப் பகலில், அத்தனை பேர் ஹார்ன் அடித்துக்கொண்டு போகும்போது. கோபமா, நிம்மதியா என்று கேட்டால் இரண்டும்தான். கடையில் யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். இவர் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"அவ வண்டிக்கே மாத்திடுப்பா. அவதான் தினம் போறா" என்று ஜெகனிடம் சொன்னார். அந்தந்தச் சக்கரம் அந்தந்த வண்டிக்குப் போனது. கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்ததும் இரண்டு விளக்கும் அணைந்தன. இப்போது என் திரையில் என் காற்றுதான்.

"இனிமே சிக்னல்ல நீங்க என் திரையில வரமாட்டேள். எங்க இருக்கேள்னு போன் பண்ணித்தான் கேக்கணும்" என்றேன்.

"பண்ணு" என்றார்.