பத்து இருபதுக்கே வந்தோம்

3ந் திகதி, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. குண்டசாலையில் வெயில் அடித்தாலும் எங்கள் பின்பக்கத்துக்கு வராது. வீடு கட்டிய மகனுக்குத் திசை தெரியாது.

நாளை கிளினிக். எடுத்து வைத்தவை: டொக்டர் எழுதும் கிளினிக் கொப்பி, மாத்திரைப் பை, கண்ணாடி, கிரேக்கர் பிஸ்கட், குடை. அலுமாரி அடியிலிருந்து அந்தப் பழைய ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டு.

துண்டு எதற்கு என்று சாந்திக்குத் தெரியாது. சாந்தி மருமகள். என் சல்லடையைக் கேட்காமல் தன் அக்காவுக்குக் கொடுத்தவள். ஐந்து வருடம் ஆகிறது, திரும்பி வரவில்லை.

நேற்றுப் பத்திரிகையை அவள்தான் வாசித்துக் காட்டினாள். எங்கள் கிளினிக்கின் பெரிய டொக்டர் ஓய்வு பெறுகிறாராம். மாரடைப்பு, துடிப்புக் கோளாறு என்று ஆயுள் முழுக்க ஆராய்ச்சி செய்தவராம். அரைப்பக்கத்துக்குப் படம். இந்த ஆராய்ச்சிக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பதில்: "நான் இளம் டொக்டராக இருந்தபோது ஒரு தோட்டத் தொழிலாளியைத் தாமதமாகக் கொண்டுவந்தார்கள். நாலு மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பார். அன்றைக்குத் தொடங்கியது."

"பாவம்ல அத்தை," என்றாள் சாந்தி. "அந்தாளு கொஞ்சம் நேரத்தோட போயிருக்கலாம்."

அந்த ஆள் என் புருஷன். நேரத்தோடுதான் போனோம்.

வெங்காயம் உரித்தேன்.

4ந் திகதி, செவ்வாய்

மழை இல்லை. ஆறரை பஸ். நிற்க இடம்தான்.

இரண்டு மாதமாக நெஞ்சு குதிரை மாதிரி ஓடுகிறது, பிறகு நிற்கிறது. அதைப் பிடிக்க உடம்பில் சின்னப் பெட்டி கட்டிவிட்டார்கள். ஒட்டு ஐந்து, வயர் ஐந்து. ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதியுமாம். கட்டியது யாழ்ப்பாணத்து டொக்டர் பிள்ளை. நல்ல பிள்ளை, கை மட்டும் ஐஸ்.

"கழட்டக்கூடாது அம்மா. குளிக்கவும் கூடாது. நெஞ்சு படபடத்தா, எத்தினை மணி, என்ன செய்து கொண்டிருந்தனீங்கள் எண்டு இந்தத் தாளில எழுதுங்கோ."

"சண்ட போட்டா?"

"ஓம், அதையும் எழுதுங்கோ."

பெட்டி அந்தப் பெரிய டொக்டருடைய ஆராய்ச்சிக்கு வந்ததாம். நாளைக்கு அவரே பார்ப்பாராம். சுவரில் அவர் படம், பிரியாவிடை மாலையோடு. அதன் கீழ்தான் கதிரை போட்டிருந்தார்கள். மூன்று மணித்தியாலம் உட்கார்ந்தேன்.

அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு சொன்னது: "எங்கட சேருக்கு ஒரு ஈசிஜி காணாது. நோவு நிக்காட்டி திரும்ப எடு, திரும்ப எடு எண்டு உயிரை வாங்குவார். சேரின்ட முதல் ஆராய்ச்சியே அதுதான்."

அன்றைக்கு ஒன்றுதானே எடுத்தாய், படுபாவி. படத்தைப் பார்த்து மனதுக்குள் சொன்னேன்.

கிளினிக் தாளில் எழுதியது: 3.10, பக்கத்து வீட்டுக்காரி எங்கள் மாங்கொப்பை வெட்டினாள், படபடப்பு. இங்கே எழுதுவது வேறு. மறந்துவிடுவேன் என்று எழுதவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு நிமிஷம் மறந்ததில்லை.

அன்றைக்குக் காலை 8. கலஹாப் பக்கத்துத் தோட்டம். கவ்வாத்து மலையில், வளர்ந்த தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தார்.

10.20. ஆஸ்பத்திரி. எது என்று எழுதமாட்டேன். துண்டு எழுதுகிறவன் பேர் கேட்டான். அவருக்கு மூச்சு இல்லை. நான் சொல்ல முடியாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எந்தப் பொம்பளையும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள், சொன்னால் ஆயுசு குறையும். எழுதுகிறவனுக்குக் கோபம். என் பேரைப் போட்டு, ஆண், வயது 41, தோட்டம், நேரம் என்று எழுதினான். இளம் டொக்டர், இடது கையில் பேனை. ஒரே ஒரு ஈசிஜி. "வாயு" என்று துண்டின் அடியில் எழுதினார். வெள்ளை மருந்து ஒரு போத்தல். வீட்டுக்குப் போ.

1 மணி. பஸ்ஸை விட்டு இறங்கி, லயத்துப் படியில் விழுந்தார்.

2.40. தோட்ட லொறியில் அதே ஆஸ்பத்திரி. நல்ல மழை, கம்பளியால் தலைவரை மூடியிருந்தோம். இந்தத் தடவை பேரைக் கங்காணி சொன்னார். உயிர் வழியிலேயே போயிருந்தது. அதே டொக்டர். கம்பளியை நெஞ்சுவரை கீழிருந்து தூக்கி, குழாயை வைத்துப் பார்த்தார். முகத்தைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: "இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

துண்டு என் சட்டைக்குள் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை.

5ந் திகதி, புதன்

பெட்டியைக் கழற்றினார்கள். ஒட்டு இருந்த இடமெல்லாம் அரிப்பு.

பெரியவர் முன்னால் உட்கார்த்தினார்கள். தலை பஞ்சு. பேனை இன்னும் இடது கையில். பேச்செல்லாம் சிங்களம், எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. என் தமிழில் எழுதுகிறேன்.

கொம்பியூட்டரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். என் துடிப்பு இப்படி ஓடி இப்படி நிற்பதை ஒரே பதிவில் பிடிப்பது அபூர்வமாம். ஆராய்ச்சியில் சேர்க்க வேண்டும், கையெழுத்துப் போடுவீர்களா, அம்மா?

கையெழுத்துக்குப் பதில் துண்டை வைத்தேன்.

"இது யாருடையது?"

"அடியில உள்ள எழுத்து ஒங்களோடது தானே ஐயா. பத்து இருபது. பத்திரிகையில தாமதமா வந்தாருன்னு சொன்னீங்களே, அவரு."

கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "அன்றைக்கு இறந்தவரின் பெயரைப் பதிவேட்டில் நானே தேடினேன். இரண்டு நாற்பதுக்கு மட்டும்தான் இருந்தது. ஒரு தடவைதான் வந்தார் என்று நினைத்தேன்."

"இதுல எம் பேரு. நாங்க புருஷன் பேரச் சொல்றதில்ல. ஆம்பளன்னு போட்டிருக்கா? வயசு சரியா? தோட்டம் சரியா?"

பேனையைக் கீழே வைத்தார். "காலையில் வந்தவரும் அவர்தான் என்று எனக்குத் தெரியாது."

"மூஞ்சியப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அம்மா, அந்த நாட்களில் எத்தனையோ பேரைப் பார்ப்பேன்."

"நான் ஒருத்தரத்தான் பாத்தேன்."

டொக்டர் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் அன்றைக்குப் பெயரைச் சொல்லியிருந்தால்..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

நிறுத்தினாலும் குத்திவிட்டது. வீட்டுக்கு வரும்வரை யோசித்தேன். சொல்லியிருந்தால் ஈசிஜி மாறியிருக்குமா? மாறியிருக்காது. வெள்ளை மருந்துதான் கிடைத்திருக்கும். ஆனால் தாமதமாக வந்தவர் என்ற பேர் அவருக்கு வந்திருக்காது. அந்த அளவுக்கு என் பிழை. அதற்கு மேல் ஒரு நூல் கூட இல்லை.

எழும்புமுன் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "ஊருக்கெல்லாம் சொன்னத ஊருக்கு முன்னாலேயே திருத்துங்க. அப்புறம் கையெழுத்து."

வெள்ளிக்கிழமை கடைசி விரிவுரை, வாருங்கள் என்றார். திருத்துவேன் என்று சொல்லவில்லை. துண்டைக் கேட்டார். போட்டோ எடுக்க விட்டு, பிறகு பிடுங்கிக்கொண்டேன்.

6ந் திகதி, வியாழன்

வானம் மப்பு. மெரூன் சேலை, இஸ்திரி. ஊசி. பருப்பு அரைக் கிலோ.

சாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தான் பேசியதை நினைத்திருப்பாள், என் சேலையை வாங்கித் தானே இஸ்திரி போட்டாள். பிறகு, "நாளைக்கி லீவு போடுறேன் அத்தை. நானும் வாறேன்."

"வா."

"அந்தாளு சொல்லலேன்னா?"

"நான் எந்திரிச்சுச் சொல்லுவேன்."

"மாமா பேரயுமா?"

பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

7ந் திகதி, வெள்ளி

வெயில். நல்ல வெயில்.

மண்டபத்தில் குளிர். டொக்டர்மார், நேர்ஸ்மார், படிக்கிற பிள்ளைகள். கடைசி வரிசையில் நாங்கள். பெரியவர் இங்கிலீசில் ஒரு மணித்தியாலம். சாந்தி காதில் சொன்னாள்: அடைத்த இரத்தக்குழாய், தப்பாக ஓடும் துடிப்பு, அவர் எழுதியவை, படிப்பித்த பிள்ளைகள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. முடிக்கப்போகிறார், ஏமாற்றிவிட்டார் என்று குடையை எடுத்தேன்.

அப்போது திரையில் என் துண்டு. சுவர் அளவுக்கு.

சாந்தி என் கையைப் பிடித்துக் காதில் சொன்னாள். "அத்தை, சொல்றாரு. பத்து இருபதுக்கு வந்தாரு. நான் ஒரு ஈசிஜி எடுத்திட்டு வீட்டுக்கு அனுப்புனேன். செத்ததுக்கப்புறம் கொண்டாந்தப்ப மொகத்தப் பாக்கல. அவரு தாமதமில்ல, நாந்தான் தாமதம். இத்தன வருஷமா தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் கடைசியாகச் சொன்னதையும் சாந்தி சொன்னாள்: நோயாளியின் பெயரை வெளியில் சொல்வது எங்கள் வழக்கம் இல்லை.

எங்களுக்கும்தான் வழக்கம் இல்லை. எழுந்து நின்றேன்.

"அவரு பேரு வேலாயுதம்," என்றேன். தமிழில்தான். "கவ்வாத்து வேல."

என் வாயால் அந்தப் பேர் வந்தது அதுதான் முதல் தடவை. எல்லாத் தலையும் திரும்பியது. உட்கார்ந்தேன்.

முடிந்ததும் பெரியவர் இறங்கி வந்து கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. என் ஒரு கையில் குடை, ஒரு கையில் கொப்பி. கும்பிடவில்லை. கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

டொக்டர் பிள்ளை கையெழுத்துக்கு ஆராய்ச்சித் தாளை நீட்டியது. போட்டேன். சொன்ன சொல் சொல்தான். மன்னிப்புக்கென்று ஒரு தாள் நீட்டியிருந்தால் போட்டிருக்கமாட்டேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சாந்தி கேட்டாள்: "அத்தை, பேரச் சொல்லக்குள்ள நெஞ்சு படபடத்துச்சா?"

பெட்டியத்தான் கழட்டிட்டாங்களே, யாருக்குத் தெரியும் என்றேன்.