அழித்த படங்களும் வந்தன

அண்ணை,

உங்கள் போனுக்குள் இருந்த மெமரி கார்ட் இப்போது என் முன்னால் ஒரு வெள்ளைக் கடதாசியின் மேல் கிடக்கிறது. பெருவிரல் நகத்தளவுதான். ஓரத்தில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் மண்ணெண்ணெய் மணக்கிறது. உங்கள் செத்தவீட்டுக் காரியங்கள் முடிந்ததும் போனை உங்கள் ஸ்பானர் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பியது நான்தான். மாரி மழைக்குக் கூரை ஒழுகிப் பெட்டிக்குள் தண்ணீர் நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அதைத் தேட வேண்டி வந்ததும் என் கவலையீனத்தால்தான். கடைசி மாதங்களில் ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு ஒரு படம் அனுப்புவீர்கள். அச்சுவேலி வீட்டு முற்றத்தில், தண்ணீர் இறைக்கும் மெசின் ஒன்றின் பக்கத்தில், கையில் ஸ்பானருடன் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். கீழே ‘நான் சுகம்’ என்று எழுதியிருக்கும். இந்த வருடம் என் போன் திடீரென்று செத்துப்போனது. அந்தப் படங்களும் அதோடு போயின. வேறெங்கும் நான் பிரதி எடுத்து வைக்கவில்லை.

நீங்கள் சொல்லாமலா விட்டீர்கள்? ஒரு மெசினைக் கழற்ற முன்னம் ஒவ்வொரு வயரையும் படம் எடுப்பீர்கள். அது போதாதென்று கொப்பியிலும் கீறி வைப்பீர்கள். நான் பகிடி பண்ணினால், “ஒண்டு கெட்டால் மற்றது இருக்கும் பிள்ளை, எதையும் ரெண்டு இடத்திலை வை” என்பீர்கள். வயர்களுக்கு அது சரி என்று நினைத்திருந்தேன்.

ஊருக்கு வந்து, பெட்டிக்குள் கிடந்த போனிலிருந்து கழற்றிய கார்ட்டை யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கணினி திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். கடையை நடத்துபவர் என் வயதுப் பெண். களிம்பைத் துடைத்துப் பார்த்துவிட்டு, உறுதி தர முடியாது, நாலு நாள் கழித்து வாருங்கள் என்றார். போனபோது அவர் முகத்தில் சந்தோசமும் ஒரு தயக்கமும் இருந்தன.

“அக்கா, அவர் அழிச்ச படங்களும் கனக்க வந்திருக்கு. அதுகளும் வேணுமோ?”

அழித்தாலும் படம் உடனே போய்விடாதாம். அந்த இடத்தில் வேறொன்று பதியும்வரை உள்ளேயே கிடக்குமாம். ஒருவரும் பார்க்க வேண்டாம் என்றுதானே நீங்கள் அழித்திருப்பீர்கள். ஆனால் எதை அழித்தீர்கள் என்று அறியாமல் அந்தக் கடைப்படியை இறங்க என்னால் முடியவில்லை. ஓம், எல்லாவற்றையும் தாருங்கள் என்றேன்.

படங்களின் பெயர்கள் போயிருந்தன. எடுத்த நாளும் நேரமும் மட்டும் மிஞ்சியிருந்தன. அவற்றை வைத்து ஒழுங்குபடுத்தினேன். முதலில் வயர்களும் கழற்றிய மெசின்களும். பிறகு ஞாயிறுகள். நீங்கள் அனுப்பிய ஒரு படத்துக்கு முன்னால், அழித்த படங்கள் வரிசையாக வந்தன. கட்டிலில் தலையணையில் சாய்ந்தபடி ஒன்று. மெலிந்த கழுத்து தெரியாமல் சட்டையை மேல்வரை பூட்டிக்கொண்டு ஒன்று. பிறகு முற்றத்துக் கதிரை. கண்ணை மூடியபடி, சிரிப்பு பாதியில் நின்றபடி. முதல் ஞாயிறு நான்கு தரம் முயன்றிருந்தீர்கள். கடைசி ஞாயிறு பத்தொன்பது.

எல்லா ஞாயிறும் ஒரே மெசின், கைப்பிடி உடைந்த சிவப்பு மெசின். இரண்டு நாளில் திருத்திக் கொடுக்கிற நீங்கள் அதை ஏன் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தீர்கள்? அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவரின் முகம் ஒரு படத்தில் தெரிந்தது. பக்கத்துத் தோட்டத்துத் தங்கராசா. மறுநாளே அச்சுவேலிக்குப் போனேன்.

அவர் மண்வெட்டியோடு வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். படத்தைக் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தார்.

“என்ரை மெசின்தான். அதிலை ஒரு பழுதும் இல்லை. ஞாயிறு காலமை கொண்டுவந்து வைப்பன், அவனைப் படம் எடுத்துப்போட்டுத் திருப்பிக் கொண்டு போவன்.”

எனக்கு ஏன் ஒரு சொல் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சோதினை முடியுமட்டும் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கிப்போட்டான், பிள்ளை. சொன்னால் அவள் எல்லாத்தையும் விட்டிட்டு வந்திடுவாள் எண்டான்.”

வந்திருப்பேன், அண்ணை. பதவி உயர்வுப் பரீட்சை எழுதி முடித்த அன்று மாலைதான் உங்கள் நோயைச் சொன்னீர்கள். அதன்பிறகு நமக்குக் கிடைத்தது பதினோரு நாள். தோட்டத்து வரம்பில் நின்று உங்கள்மேல் கோபப்பட்டேன். அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் நான் இரண்டு சொல்லை வாசித்துவிட்டு மூடிய ஒரு படத்துக்காக நீங்கள் பத்தொன்பது தரம் சிரிக்கப் பார்த்ததையும் மறக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்கில் பதிந்துவிட்டேன். ஒன்று என்னிடம், மற்றது உடுவிலில் சின்னம்மா வீட்டில். என் புதுப் போனைத் திறந்ததும் தெரிகிற படம் நீங்கள் எனக்கு அனுப்பியது அல்ல, அழித்தவற்றில் ஒன்று. தங்கராசாவின் விரல் பாதியை மறைத்திருக்கிறது. மிச்சப் பாதியில் நீங்கள் கமராவை மறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, பல் தெரியச் சிரிக்கிறீர்கள். என்ன பகிடி என்று அவரிடம் கேட்டேன். ஞாபகமில்லையாம். அச்சுவேலிக்குப் போகும்போதெல்லாம் திரும்பவும் கேட்கிறேன். அவரும் ஒவ்வொரு முறையும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்துப் பார்க்கிறார்.