சத்தமில்லாத அறையில் அப்பாவுக்கு வேலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், போன வாரம் நான் இரண்டு நாள் பகல் பூராவும் வீட்டில் இல்லாததுதான் தன் சுகத்துக்குக் காரணம் என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். ஏன் தேற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால், போன மாதம் ஃபோனில் நீ, அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தாய், நான் அதற்குள் மாடித் தண்ணீர்த்தொட்டி ஒழுகுகிற கதையை எடுத்துவிட்டேன், பிளம்பர் வராதது, வந்தது, வந்து இன்னொரு குழாயை உடைத்தது எல்லாம் சொல்லி முடித்தபோது நீ, சரிப்பா அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எத்தனை தடவை பேசினோம், அந்த ஒன்றை நீ சொல்லவே இல்லை, கேட்டால் ஒண்ணுமில்லப்பா என்கிறாய். உன் அம்மா என்னைப் போட்டு அரிக்கிறாள், புள்ள என்ன சொல்ல வந்தா, வேலை போச்சா, உடம்புக்கு ஏதாவதா, யாரையாவது பிடிச்சிருக்கா, என்னன்னு கேட்டீங்களா என்று. எனக்குத் தெரிந்தால்தானே. தண்ணீர்த்தொட்டியைப் பற்றிக் கேட்டால் வேண்டுமானால் விவரமாகப் பதில் சொல்வேன்.

சரி, அந்த இரண்டு நாள் நான் எங்கே போனேன் என்று சொல்கிறேன், கேட்டுச் சிரி. நம் ஊரில் வருஷத்துக்கு ஒருதரம் பேர்போன கட்டடங்களை எல்லாம், வழக்கமாகக் காவலாளி வாசலிலேயே கையைக் காட்டித் திருப்பி அனுப்புகிற இடங்களை, சனி ஞாயிறு யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று திறந்துவிடுகிறார்கள் இல்லையா, அதில் கூட்டத்தைக் கவனிக்கச் சம்பளமில்லாத ஆள் வேண்டும் என்று பேப்பரில் வந்திருந்தது. முப்பது வருஷம் பஸ்ஸில் கூட்டத்தை மேய்த்த கண்டக்டர், ஓய்வு பெற்று வீட்டில் நாற்காலியை மேய்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குச் சொல்ல வேண்டுமா. பெயர் கொடுத்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னால் உன் அம்மா நறுக்குகிற கத்தரிக்காயிலிருந்து தலையை நிமிர்த்தாமல், திறந்த வீட்டுக்குள்ள எது நுழையும்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே என்றாள். நான் அதற்கெல்லாம் அசரவில்லை. எனக்குக் கோர்ட்டுக் கட்டடம்தான் கொடுப்பார்கள் என்று நானே முடிவு செய்து, தூண் எத்தனை, ஜன்னல் எத்தனை, யார் கட்டியது என்று ஒரு வாரம் உருப்போட்டேன், கண்ணாடி முன்னால் நின்று கையை நீட்டிப் பேசிப் பார்த்தேன். வேலை பிரித்துக் கொடுக்கிற பெண்ணுக்கு உன் வயசு இருக்கும், கழுத்தில் எப்போதும் நாலு அட்டை தொங்கும், அதனால் அட்டையம்மா என்று பேர் வைத்துவிட்டேன், அவள் என்னைக் கொஞ்ச நேரம் பேசவிட்டுக் கேட்டாள், கேட்டுவிட்டு, ஐயா உங்களைப் பழைய ரேடியோ நிலையத்துல போடறேன், நாடகம் பதிவு பண்ற அறை என்றாள். ரேடியோ என்றால் பேசுகிற இடம், ஆளைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறாள் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

போய்ப் பார்த்தால், அந்த அறையின் பெருமையே அங்கே சத்தம் இல்லை என்பதுதானாம். அறைக்குள் அறையாகக் கட்டியிருக்கிறார்கள், உள் அறை வெளிச்சுவரைத் தொடாது, ரப்பர் கட்டைமேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது, சுவர் முழுக்க ஓட்டை போட்ட பலகை, அதற்குப் பின்னால் பஞ்சு. வெளியே லாரி போனாலும் உள்ளே தெரியாது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கனமான கதவு. பன்னிரண்டு பேரை உள்ளே விட்டுக் கதவுகளைச் சாத்தி, ஒரு நிமிஷம் யாரும் பேசாமல் அந்த அமைதியைக் கேட்க வைக்க வேண்டும், இதுதான் என் வேலை. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை. முதல் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய ரத்தம் ஏறிவிட்டது. உள்ளே போங்க, உள்ளே இடம் இருக்கு, படியில நிக்காதீங்க என்று இல்லாத படியைக் காட்டி எல்லாரையும் நெருக்கி நிறுத்திக் கதவைச் சாத்தினேன், கை தன்னால் மேலே போய் மணிக்கயிற்றைத் தேடியது, வாய் தன்னால் ரைட் என்றது. அப்புறம் அமைதி தொடங்கியது. தொடங்கியதா, நான் எங்கே விட்டேன், பாருங்க எவ்வளவு அமைதியா இருக்கு, இப்படி ஒரு அமைதியை எங்கயும் கேட்டிருக்க மாட்டீங்க, நல்லாக் கேளுங்க என்று நிமிஷம் முடிகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தேன். தொப்பி போட்ட ஒருவர் ரொம்ப மரியாதையாக, ஐயா நீங்க முடிச்சீங்கன்னா நாங்க ஆரம்பிச்சுடுவோம் என்றார். அடுத்த கூட்டத்துக்கு வாயை இறுக்கிக் கட்டினேன், வயிறு பேசியது. அந்த அறையில் வயிறு பேசினால் இடி இடித்த மாதிரி கேட்கும். ஒரு சின்னக் குழந்தை அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டது. அதற்கு நான் பேசுவதே மேல் என்று அன்று பூராவும் பேசினேன்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தபிறகு, அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஒலிப்பதிவுக்காரர் எங்களை எல்லாம் உட்காரவைத்தார். இன்னிக்கு மைக்கைத் திறந்தே வெச்சிருந்தேன், அந்த அமைதியைப் பதிவு பண்ணி வெச்சுக்கலாம்னு பார்த்தேன், கேளுங்க என்று போட்டார். அமைதியாவது ஒன்றாவது, எங்கே தொட்டாலும் என் குரல். அட்டையம்மா மேஜைமேல் கவிழ்ந்து சிரித்தாள், நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அப்போது நடுவில் ஒரு பெண் குரல் வந்தது. வயசான குரல்தான், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடி மாதிரி தெளிவு. ஐயா, நான் இந்த அறையில என்று ஆரம்பித்தது. உடனே என் குரல், அம்மா முதல்ல உள்ளே வாங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க என்றது. கொஞ்சம் பொறுத்து அந்த அம்மா மறுபடி, ஒரு விஷயம் சொல்லலாமா, அந்தக் காலத்துல நான் என்றார். நான், எல்லாம் கடைசியில சொல்லுங்கம்மா, இப்ப அமைதி என்றேன். கடைசியில் கதவு திறக்கிற சத்தம், அதன்மேல் என் குரல், இறங்குங்க இறங்குங்க, அடுத்தவங்க ஏறட்டும். அதோடு அந்தக் குரல் இல்லை. ஒலிப்பதிவுக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டார், இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கேனே, நாடகத்துல நடிச்சவங்களா இருக்குமோ என்றார். யாருக்கும் முகம் நினைவில்லை. டிக்கெட் கொடுத்த முகத்தை மறக்கமாட்டேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன் நான், எனக்கும் நினைவில்லை.

பஸ் ஏறி வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தப் பாதி வாக்கியம் காதை விட்டுப் போகவில்லை. போன மாதம் ஃபோனில் உன் குரலும் அப்படித்தான் கொஞ்சம் தயங்கி வந்தது என்று அப்போதுதான் உறைத்தது, வெட்கமாக இருந்தது மகளே, வேறு எப்படிச் சொல்வது. வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், வழக்கம்போல வாரிவிடுவாள் என்று பார்த்தேன், தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள். திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அறை வாசலில் வாயைத் திறக்காமல் நின்றேன், கையாலேயே உள்ளே விட்டேன், கையாலேயே வெளியே விட்டேன். நான் பேசாமல் நின்றால் எல்லாரும் என்னிடம் வந்து பேசுகிறார்கள், அது ஒரு அதிசயம். ஒருத்தி என் இதயம் அடிக்கிறதைக் கேட்டேன் என்றாள், ஒரு பெரியவர் காரணமே தெரியலை அழுதுட்டேன் என்றார். வயசான பெண்கள் யார் வந்தாலும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர்கள் என்னை என்ன நினைத்தார்களோ. அந்த அம்மா வரவில்லை. அட்டையம்மா பூட்டலாமா ஐயா என்றபோது கொஞ்சம் பொறும்மா என்றேன், பொறுத்தாள், அப்புறமும் வரவில்லை. அந்த அறையில் அவருக்கு என்ன நடந்தது என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

மற்றபடி இங்கே விசேஷம் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, தைலத்தை நான் தேய்த்தால் வலி கூடுகிறதாம், அவளே தேய்த்துக்கொள்கிறாள். நீ குளிரில் தலையை நனைத்துக்கொண்டு வெளியே போகாதே, வெறும் காபியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியவேண்டும், இருவரும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே, இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, போன மாதம் சொல்ல வந்ததைச் சொல்லு. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, எனக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, அதைப் பற்றி நீ யோசிக்காதே. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நீ சொல்லாமலே விட்டுவிடுவாயோ என்பது அதைவிடப் பெரிய பயம். நீ முடிக்கிறவரை நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அதனால் இந்தப் பக்கத்திலிருந்து சத்தமே காணோம், லைன் போய்விட்டது என்று நினைத்து ஃபோனை வைத்துவிடாதே. நான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா