தெற்கே விழுந்த நிழல்

டன்லப் தெரு, சிங்கப்பூர்
16 செப்டம்பர் 1907

இல்லை, உன் தங்கை ருக்கையா கம்பை அசைக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. நீ கேட்டதற்குப் பதில் முதலில், சலாம் பிறகு. அன்பு மகன் நூருல் அமீனுக்கு உம்மாவின் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் நானும் சுகம், சென்னையில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். ருக்கையாவின் உள்ளங்கையைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம்.

உன்மேல் கோபம். ஆறட்டும் என்று இரண்டு நாள் பார்த்தேன், ஆறவில்லை. தெருப் பிள்ளைகள் பூமியைப் பற்றிப் படிக்கட்டும் என்று காலேஜிலிருந்து நோட்டு எழுதி அனுப்பினாய், நல்ல காரியம், ரவூப் வாத்தியார் அதை வைத்துத்தான் பாடம் நடத்துகிறார். வெயிலில் கம்பு நட்டால் உச்சிப்பொழுதில் நிழல் வடக்கே விழும் என்று அதில் எழுதியிருக்கிறாய். எட்டு வயதுப் பிள்ளை நம்பி நட்டாள். தெற்கே விழுந்தது. வாத்தியாரிடம் அப்படியே போய்ச் சொன்னாள். காலேஜ் படிக்கிற உன் அண்ணனைவிட உனக்குத் தெரியுமோ என்று கேட்டு ஆறு பிரம்படி. பொய்க்காரி என்று பெயர். வீட்டுக்கு வந்தவளை, காக்கா எழுதியது தப்பாகுமா என்று நானும் ஓர் அடி அடித்தேன். அந்த அடிதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இதை எழுதியதற்கு இப்போது உன் பதில் கடிதம். கம்பை அசைத்திருப்பாள், வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்கட்டும் என்கிறாய். நீ ஒரு நாளாவது வெயிலில் நின்று பார்த்தாயா? நான் நின்றேன். மூன்று வாரம், தினமும், கரிக்கோடு போட்டு. தெற்கேதான். பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் தொழுகைக்கு நிழல் பார்க்கும் மோதினார் காதர் மைதீனிடம் கேட்டு அனுப்பினேன். இந்த மாதம் இங்கே தெற்கேதான் விழும், இதுகூடத் தெரியாத வாத்தியாரா என்று சிரித்தாராம். சிரித்தவர் வாத்தியாரிடம் போய்ச் சொல்லவில்லை. வாப்பாவும் போகவில்லை, வாத்தியாரைப் பகைக்கலாமா என்கிறார்.

பூமி உருண்டை என்று அதே நோட்டில் முதல் வரி எழுதியவன் நீ. உருண்டையில் எல்லா ஊருக்கும் ஒரே நிழலா? ருக்கையா ஒரு பம்பளிமாஸ் பழத்தில் இரண்டு கிராம்பு குத்தினாள், மேலே சென்னை, கீழே சிங்கப்பூர். வெயிலில் பிடித்து மெல்லத் திருப்பினாள். ஒன்றின் நிழல் மேலே போனது, மற்றதன் நிழல் கீழே. காக்காவும் பொய் சொல்லவில்லை உம்மா, அவர் அங்கே இருக்கிறார், அவ்வளவுதான் என்றாள். அடி வாங்கிய கையோடு உனக்காகப் பேசுகிறாள். அவளுக்கு இருக்கிற நியாயம் உனக்கு இல்லையே, அமீன்.

இன்னொன்று. நிழல் குறைந்துகொண்டே வருகிறது. நான் பார்த்த முதல் நாள் எட்டு விரல், நேற்று ஒன்றரை. இன்னும் ஒரு வாரத்தில் இல்லாமல் போய், பிறகு வடக்கே திரும்பிவிடும் என்கிறார் மோதினார். அப்புறம் யார் பார்த்தாலும் அவள் பொய்க்காரிதான். உன் பதில் கப்பலேறி வரும்வரை நிழல் காத்திருக்காது.

அல்லாஹ் உனக்குப் படிப்போடு கண்ணையும் தரட்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. அந்த வரியை உன் கைப்படத் திருத்தி வாத்தியார் பெயருக்கே அனுப்பு, மறக்காதே.

இப்படிக்கு,
உன் உம்மா
ஆமினா பீவி

உறையை ஒட்டாமல் வைத்துவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு ருக்கையாவோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உச்சிப்பொழுதில் முற்றத்தில் கம்பை நட்டேன். வாத்தியார் வந்து குனிந்து பார்த்தார். கரித்துண்டை ருக்கையாவிடம் கொடுத்தேன். எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, தெற்கே கோடு போட்டாள்.