நியூகாசிலுக்கு ஒரு மணி நேரம்

09-02-2026
விடியுமுன்பே தவநாயகி புறப்பட்டுவிட்டாள். மேற்குச் சிட்னியில், வீட்டருகே பென்டில் ஹில்லில் தொடர்வண்டி ஏறி, இடையில் மாறி, நியூகாசில் மருத்துவமனையை அடைய மூன்றரை மணி நேரம், திரும்பவும் அதுவே. என் மனைவியைக் கிழமைக்கு மூன்று நாள் தண்டவாளம் தின்கிறது.

விரைவுத் தொடர்வண்டி வந்தால் சிட்னியிலிருந்து ஒரே மணி நேரம் என்கிறார்கள் வல்லுநர்கள். பின்னர் மெல்பேண் வரை நீளுமாம். அப்பாதை முதற்கட்டத்திலேயே மேற்குச் சிட்னிக்கும் வரவேண்டுமென அரசுக்கு எழுதலாமா என்று எங்கள் நகரமன்றம் நாளை மக்களைக் கேட்கிறது. தமிழர் சார்பில் பேசுபவன் நான். தமிழிலேதான், மகள் கஜந்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பாள்.

அரங்கம் அதிரும்!

10-02-2026
தோற்றேன்.

ஆளுக்கு மூன்று நிமிடம். தலைவரை விளித்தேன். உறுப்பினர்களைத் தனித்தனியே விளித்தேன். இம்மண்ணின் முதற்குடிகளை வணங்கினேன், தாய்த்தமிழை வணங்கினேன். அத்தனையையும் கஜந்தி பெயர்த்தாள். தொடர்வண்டிக்கு வந்தேன் — மணி அடித்துவிட்டது.

"அப்பா, நீங்க இன்னும் ஹலோவே சொல்லி முடிக்கேல்ல," என்றாள் கஜந்தி, காரில்.

தவநாயகி சிரித்தாள். "கலியாண வீட்டிலயும் உப்பிடித்தானே? இவர் வாழ்த்தி முடிக்கிறதுக்குள்ள பொம்பிளையும் மாப்பிளையும் ஹனிமூன் போட்டு வந்திடுவினம்."

முப்பது ஆண்டு மேடை! மூண்டு நிமிசம் எண்டது ஏன் எனக்கு விளங்கேல்ல?

17-02-2026
வாக்கெடுப்பு ஒத்திவைப்பு. அடுத்த கூட்டத்தில் மீண்டும் பேசலாமாம்!

22-02-2026
எழுதினேன், வெட்டினேன், மீண்டும் வெட்டினேன். "பேரன்புமிக்க அவையோரே" என்பதை மட்டும் இருமுறை திரும்ப எழுதினேன். கடைசியில் அதையும் வெட்டினேன்.

24-02-2026
வென்றோம்!

எழுந்ததும் சொன்னேன்: "என் மனைவி தாதி. பிறர் உயிர் காக்கச் செல்பவள், நாளுக்கு ஏழு மணி நேரத்தை வழியிலேயே இழக்கிறாள். யப்பான் அறுபது ஆண்டுகளுக்கு முன் ஓட்டிய வண்டியை நாம் இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறோம். இன்றே எழுதுங்கள். மேற்கைக் கடைசி வரிசையில் நிறுத்தாதீர்கள்!"

கஜந்தியின் குரல் என் குரலினும் ஓங்கியது. நேரம் மீந்தது! மீந்ததை என்ன செய்வதென்று அறியாமல் அமர்ந்துவிட்டேன்.

பின்வரிசையிலிருந்து பலசரக்குக்கடைத் தருமராசா: "மச்சான், முடிஞ்சுதோ? நான் இப்பதானே கதிரையில சாய்ஞ்சனான்!"

மன்ற உறுப்பினரின் ஒன்பது கைகள் உயர்ந்தன. எதிர்த்தவை மூன்றே. தவநாயகி என் கையை விடவேயில்லை.

19-03-2026
கடிதம் அரசின் கைக்குப் போய்விட்டது. வண்டி எந்த ஆண்டு வரும்? தவநாயகி ஓய்வு பெற்ற பிறகாகவும் இருக்கலாம். வரும், வந்தே தீரும்.

கடிதத்தின் படியை அவள் மருத்துவமனை ஓய்வறையில் ஒட்டினாளாம். அவளைப் போலவே நெடுந்தொலைவு வந்துபோகும் தாதியர் அறுவர் ஒன்றுகூடி, நியூகாசில் நகரமன்றத்தையும் எழுதும்படி கேட்கப் போகிறார்கள். அவர்களுக்காகப் பேசுபவர் யார்? ஒருநாளும் மேடையேறாத என் தவநாயகி!

"நீங்களும் வாங்கோ," என்றாள். "முன்னுக்கு இருங்கோ. வாய் மட்டும் திறக்கப்படாது."

ஓம் என்றேன். வேலையிடத்தில் விடுப்பும் எடுத்துவிட்டேன்.